எண்ணிக்கையும் நம் முன்னேற்றமும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற ஆசிரியர் – மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாக் காணும் ஒரு கல்விக் கழகத்தின் மேடையில் ஏறுவோர் அதன் தொண்டினைப் பாராட்டுதல் மரபு. அப்பாராட்டிற்கு நம் கழகம் முற்றும் தகுதியுடையதே. ஆயினும், பாராட்டுரை நாளையே மறந்துபோகும். பட்டியல் நிலைத்து நிற்கும். ஆகவே, உங்கள் கையில் ஒரு கருவியைத் தந்துவிட்டுப் போகலாம் என்று வந்துள்ளேன். அக்கருவிக்குப் புள்ளியியல் என்று பெயர். அதன் முதற்பாடமாகிய நிகழ்வெண் பட்டியலைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

'எண்ணுதல்' என்னும் தமிழ்ச் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்ற பொருளும் உண்டு. சிந்தித்தல் என்ற பொருளும் உண்டு. இவ்விரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது பொருத்தமே. சிந்தியாமல் கணக்கிடுவது வெறும் உழைப்பு; கணக்கிடாமல் சிந்திப்பது பெரும்பாலும் ஊகம். புள்ளியியலோ இரண்டையும் இணைத்துச் செய்யும் கலை.

கணக்கு எழுதும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை நம் முதியோர் நன்கறிவர். களத்தில் அறுத்துப் போட்டவர் ஒருவர்; மரக்கால் பிடித்து அளந்தவர் வேறொருவர்; அதனை ஓலையிலும் பின்னர்ப் பேரேட்டிலும் எழுதியவர் மற்றொருவர். அறுத்தவருக்கு அப்பேரேட்டைப் பார்க்கும் உரிமை இல்லை. பார்த்தாலும் படிக்கக் கல்வி இல்லை. ஊர்க்கணக்கு வேலை தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் கையிலேயே இருந்துவந்தது. 1980ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு பழைய கிராம அலுவலர் பதவிகளை ஒழித்து, தேர்வின் வழியே கிராம நிருவாக அலுவலர்களை அமர்த்தும் முறையைக் கொண்டுவந்தது. எண்ணப்பட்டவர்களின் பிள்ளைகள் எண்ணுகின்றவர்களாகவும் ஆகலாம் என்னும் வாயில் அதனால் அகலத் திறந்தது. அவ்வாயிலில் நுழைவோர் கணக்கின் நுட்பத்தையும் அறிந்து நுழைதல் வேண்டும்.

இனிப் பாடத்திற்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக் கொள்வோம். ஒரு குடியிருப்பில் பதினெட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள இளைஞரும் இளம்பெண்டிரும் நாற்பது பேர். ஒவ்வொருவரிடமும் சென்று, 'நீங்கள் எத்தனை ஆண்டுப் படிப்பை முடித்தீர்கள்?' என்று கேட்கின்றோம். கிடைத்த விடைகளைக் கேட்ட வரிசையிலேயே எழுதுகின்றோம்:

5, 10, 8, 12, 0, 9, 15, 8
10, 9, 3, 12, 8, 9, 5, 10
9, 12, 15, 8, 9, 10, 2, 9
5, 9, 12, 10, 9, 8, 12, 4
9, 15, 10, 9, 5, 12, 8, 9

இவை உண்மையில் எடுத்த கணக்கல்ல. பாடத்திற்காக அமைத்தவை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். இவ்வாறு ஒழுங்குபடுத்தப்படாமல் கிடக்கும் எண்களைச் செப்பனிடாத விவரங்கள் என்பர். களத்தில் கொட்டிக் கிடக்கும் தூற்றாத நெல்லை ஒத்தவை இவை. இவற்றில் உண்மை இருக்கின்றது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

முதலாவதாக, மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் காண்போம். சிறியது 0, பெரியது 15. இவற்றின் வேறுபாடு 15. இதனை வீச்சு என்று சொல்வர். பள்ளி வாயிலையே மிதியாதவரும் பட்டம் முடித்தவரும் ஒரே குடியிருப்பில் இருக்கின்றனர் என்பதை வீச்சு நமக்கு அறிவிக்கின்றது.

இரண்டாவதாக, ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வருகின்றது என்று குறித்தல் வேண்டும். இதற்குப் பழகிய வழி, ஒருவருக்கு ஒரு கோடு இடுவது. நான்கு நேர்கோடுகள் நின்றபின் ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, விறகுக் கட்டைப்போல் கட்டிவிட வேண்டும். பின்னர்க் கட்டுகளை ஐந்தைந்தாக எண்ணிக் கொள்ளலாம். பட்டியலின் தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் எண்ணாகப் படித்து, அதற்குரிய இடத்தில் கோடிட்டு, படித்த எண்ணை அடித்துக்கொண்டே போனால் தவறு நேராது. ஓர் எண் எத்தனை முறை வந்ததோ அத்தொகையே அதன் நிகழ்வெண் ஆகும். நம் நாற்பது பேரின் பட்டியல் வருமாறு:

முடித்த ஆண்டுகள் — நிகழ்வெண்
0 — 1
2 — 1
3 — 1
4 — 1
5 — 4
8 — 6
9 — 11
10 — 6
12 — 6
15 — 3
மொத்தம் — 40

நிகழ்வெண்களின் கூட்டுத்தொகை, நாம் கண்ட மக்களின் தொகைக்குச் சமமாக இருத்தல் வேண்டும். குறைந்தால் எவரையோ விட்டுவிட்டோம். மிகுந்தால் எவரையோ இருமுறை எண்ணிவிட்டோம். இந்தச் சரிபார்ப்பைச் செய்யாத பட்டியலை நம்பலாகாது.

மூன்றாவதாக, எண்களைப் பிரிவுகளாகத் தொகுத்தல். எண்கள் பலவாக இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால் பட்டியல் நீண்டுபோகும். ஆகவே அடுத்தடுத்த எண்களைச் சேர்த்து ஒரு பிரிவாக அமைக்கின்றோம். அப்பிரிவின் அகலத்தைப் பிரிவு இடைவெளி என்கின்றோம். இதற்கு விதிகள் சில உள. எந்த எண்ணும் இரு பிரிவுகளில் இடம்பெறலாகாது. எந்த எண்ணும் பிரிவுகளுக்கு வெளியே நிற்றலாகாது. பிரிவுகள் மிகப் பலவாயின் தொகுத்ததன் பயன் இல்லை. மிகச் சிலவாயின் வேறுபாடுகள் மறைந்துவிடும். இந்த இறுதி விதியைப் பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும். நாமோ அதன்மேல் சற்று நின்று பார்த்தல் வேண்டும்.

ஒருவர் எளிமை கருதி மூன்று பிரிவுகள் அமைக்கின்றார் என்று கொள்வோம்:

0 முதல் 5 வரை — 8 பேர்
6 முதல் 10 வரை — 23 பேர்
11 முதல் 15 வரை — 9 பேர்

கூட்டினால் நாற்பது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. 'பெரும்பாலோர் ஆறு முதல் பத்தாண்டு வரை படித்துள்ளனர். நிலைமை ஒருவாறு நன்றே' என்று இதைப் பார்த்தவர் எழுதிவிடுவார். இனி, பள்ளிக் கல்வியின் படிகளை ஒட்டிப் பிரிவுகளை வேறுவிதமாக அமைப்போம்:

0 முதல் 4 வரை (தொடக்கப் பள்ளி முடிக்காதோர்) — 4 பேர் — நூற்றுக்கு 10
5 முதல் 7 வரை (தொடக்கப் பள்ளியோடு நின்றோர்) — 4 பேர் — நூற்றுக்கு 10
8 முதல் 9 வரை (பத்தாம் வகுப்பைத் தாண்டாதோர்) — 17 பேர் — நூற்றுக்கு 42.5
10 முதல் 11 வரை (பத்தாம் வகுப்பு முடித்தோர்) — 6 பேர் — நூற்றுக்கு 15
12 முதல் 14 வரை (மேனிலைப் பள்ளி முடித்தோர்) — 6 பேர் — நூற்றுக்கு 15
15 (பட்டம் பெற்றோர்) — 3 பேர் — நூற்றுக்கு 7.5

அதே நாற்பது பேர், அதே விடைகள். ஆனால் முதற் பட்டியலில் மறைந்திருந்த ஒரு சுவர் இப்பொழுது கண்முன் எழுந்து நிற்கின்றது. பத்தாம் வகுப்பின் வாயிலில் பதினேழு பேர் நின்றுவிட்டனர். முதற் பட்டியல், ஒன்பதாம் வகுப்போடு நின்றவரையும் பத்தாம் வகுப்பில் தேறியவரையும் ஒரே பிரிவில் அடைத்தது. அரசு வேலைகள் பலவற்றிற்கு விண்ணப்பிக்கவும், மேற்படிப்பிற்குச் செல்லவும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே நுழைவாயில். அதற்கு இப்புறம் நிற்பவரும் அப்புறம் சென்றவரும் ஓராண்டே வேறுபடுகின்றனர். ஆயினும் அவர்தம் வாழ்க்கைகள் பெரிதும் வேறுபடுகின்றன. எனவே, பிரிவுகளை எங்கே வெட்டுவது என்பதை வாழ்க்கையை அறிந்தவரே முடிவு செய்தல் வேண்டும். பட்டியலைத் தயாரிக்கும் மேசையில் நம்மவரும் அமர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

நான்காவதாக, நிகழ்வெண்களை மேலிருந்து கீழாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் குவிவு நிகழ்வெண் கிடைக்கும். நம் பட்டியலில் அது 4, 8, 25, 31, 37, 40 என்று வளரும். மூன்றாம் பிரிவின் முடிவில் 25 என்பதைப் பாருங்கள். நாற்பதில் இருபத்தைந்து பேர், அஃதாவது நூற்றுக்கு 62.5 பேர், பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள். ஒரே கூட்டலில் நமக்கு வேண்டிய விடை வந்துவிட்டது.

இங்கே சராசரியைப் பற்றியும் ஒரு சொல். நாற்பது எண்களையும் கூட்டினால் 353. நாற்பதால் வகுத்தால் ஏறத்தாழ 8.8. 'இக்குடியிருப்பின் சராசரிக் கல்வி ஒன்பது ஆண்டுகள்' என்று ஒருவர் சொன்னால் அது பொய்யன்று. ஆயினும் அந்தச் சராசரிக்குள் பள்ளி செல்லாத ஒருவரும், மூன்று பட்டதாரிகளும் ஒருங்கே கரைந்து போயினர். எண்களை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் அது இடைநிலை; நம் பட்டியலில் அது 9. மிகுதியான முறை வந்த எண் முகடு, அதுவும் 9. சராசரி ஒரு நிலையைச் சொல்கின்றது. முகடோ, எங்கே கூட்டம் தேங்கி நிற்கின்றது என்பதைச் சொல்கின்றது. கழகத்திடம் இருக்கும் பணம் சிறிது, ஆசிரியர்கள் சிலர். அதனை எங்கே செலவிடுவது என்பதற்கு முகடே வழிகாட்டும். இக்கற்பனைக் குடியிருப்பில் மாலை வகுப்பு ஒன்றுதான் நடத்த முடியுமாயின், அதனை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்துவதே முறை.

ஊரின் பட்டியலிலிருந்து நாட்டின் பட்டியலுக்குச் செல்வோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எழுத்தறிவைப் பற்றித் தரும் நூற்றுவீதங்கள் இவை. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைப் பற்றியவை.

1991 — நாட்டு மக்கள் அனைவரும் 52.2, பட்டியல் சாதியினர் 37.4
2001 — அனைவரும் 64.8, பட்டியல் சாதியினர் 54.7
2011 — அனைவரும் 73.0, பட்டியல் சாதியினர் 66.1

இதனை எப்படிப் படிப்பது? மேலிருந்து கீழாகப் படித்தால் வளர்ச்சி தெரிகின்றது. இடமிருந்து வலமாகப் படித்தால் இடைவெளி தெரிகின்றது. அவ்விடைவெளி 14.8, 10.1, 6.9 எனக் குறைந்து வந்துள்ளது. இது நம் தாய்மார்களும் தந்தைமார்களும் பட்டினி கிடந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதன் விளைவு, பெருமை கொள்ளத்தக்கது. ஆனால் அங்கேயே நின்றுவிடலாகாது. 2011ஆம் ஆண்டின் 66.1 என்பதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பட்டியல் சாதி ஆடவர் 75.2, பெண்டிர் 56.5. ஒரே வீட்டின் கூரைக்குள் 18.7 அளவு இடைவெளி இருக்கின்றது. வெளியாரோடு நமக்குள்ள இடைவெளியைக் கணக்கிடும் அதே கோலால், நம் வீட்டிற்குள் உள்ள இடைவெளியையும் அளத்தல் நேர்மையாகும். ஆகவே, நீங்கள் எந்தப் பட்டியல் அமைத்தாலும் ஆண், பெண் என இரு பத்திகள் வகுக்க மறவாதீர்கள்.

இன்னொன்றும் கருதுக. எழுத்தறிவு என்பது ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து எழுதப் படிக்கத் தெரிதல் மட்டுமே. அதனை வைத்துப் பத்தாம் வகுப்பு முடித்தோர் தொகையை அறிய இயலாது. ஒரு வினாவிற்குக் கிடைத்த விடையை வேறொரு வினாவிற்கு விடையாகக் கொள்ளலாகாது.

எண்ணத் தொடங்குமுன்னரே தீர்க்கப்படவேண்டிய வினா ஒன்று உண்டு: யாரை எண்ணுவது? மராட்டிய மாநிலத்தின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 1981இல் நூற்றுக்கு 7.1 ஆக இருந்தனர், 1991இல் 11.1 ஆயினர். பத்தாண்டில் அத்துணைப் பிள்ளைகள் பிறந்துவிட்டனரா? இல்லை. 1956ஆம் ஆண்டில் பாபாசாகேப் அம்பேத்கரைப் பின்பற்றிப் பௌத்தம் தழுவியோர் பலர் பட்டியலுக்கு வெளியே நின்றிருந்தனர். 1990ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டுப் பௌத்தரும் பட்டியலில் இடம்பெற்றனர். உயர்வின் முதன்மைக் காரணம் இதுவே. மக்கள் மாறவில்லை, வரையறை மாறிற்று. கிறித்தவம் தழுவிய நம் உறவினரோ இன்றும் அப்பத்தியில் எண்ணப்படுவதில்லை. ஆகவே ஓர் எண்ணைக் கண்டவுடன், 'இதில் யார் அடங்குவர், யார் அடங்கார்?' என்று கேட்டல் வேண்டும்.

இவ்வினாவின் வலிமையைப் பாபாசாகேப் நன்கு உணர்ந்திருந்தார். 1928ஆம் ஆண்டு மே மாதத்தில், பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் சார்பில், பம்பாய் மாகாணத்து ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் கல்வி நிலை பற்றிச் சைமன் குழுவிற்கு அவர் ஓர் அறிக்கை அளித்தார். ஒவ்வொரு வகுப்பும் மக்கள்தொகையில் எத்தனையாவது இடத்தில் உள்ளது, கல்வியில் எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பதை எதிரெதிரே நிறுத்திப் பட்டியலிட்டார். அப்பட்டியலின் முன் மறுப்புரைக்கு இடமில்லாது போயிற்று. பின்னர் 1932இல் லோதியன் பிரபுவின் தலைமையில் அமைந்த வாக்குரிமைக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். ஒடுக்கப்பட்டோர் தொகையைச் சில மாகாணங்களில் மிகக் குறைத்துக் காட்டும் முயற்சி அப்போது நடந்தது. தீண்டாமைக்கு என்ன வரையறை, யார் அதற்குள் வருவர் என்பதைத் தெளிவாக்கி அவர் தனிக்குறிப்பு எழுதினார். தொகை குறைந்தால் பிரதிநிதித்துவமும் குறையும் என்பதை அவர் அறிவார்.

இன்றைக்கும் அது அவ்வாறே. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 இடங்கள் பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டவை. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் மாநில மக்களில் நூற்றுக்கு 19 பேர். அந்த வீதத்தை ஒட்டியே அத்தொகுதிகள் வரையறுக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டில் அவ்வீதம் 20 ஆயிற்று. 1979–80 முதல் வகுக்கப்பட்ட சிறப்புக் கூறுத் திட்டமும் மக்கள்தொகை வீதத்தையே நிதி ஒதுக்கீட்டிற்கு அளவுகோலாகக் கொண்டது. 2021இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை. 2027ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு, சாதி விவரத்தையும் சேர்த்து எடுக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பாளர் வீட்டுப்படிக்கு வரும்போது கூச்சமும் அச்சமும் இன்றி உள்ளதை உள்ளவாறு சொல்வதும், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்வதும் நம் கடமையாகும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வெளியூர் சென்றிருப்போர் விடுபடாமல் பார்த்துக் கொள்வதும் நம் இளைஞர்தம் பொறுப்பு.

அரசு எடுக்கும் கணக்கிற்காக நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. கழகத்தின் ஆசிரியர்களுக்கும் மேல்வகுப்பு மாணவர்களுக்கும் ஒரு வேலைத்திட்டம் முன்வைக்கின்றேன். கழகம் தொண்டாற்றும் ஒவ்வொரு குடியிருப்பிற்கும் ஒரு குறிப்பேடு வையுங்கள். ஆறு முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வயது, ஆணா பெண்ணா, முடித்த வகுப்பு, இப்பொழுது படிக்கின்றாரா, நின்றிருந்தால் எவ்வகுப்பில் நின்றார், ஏன் நின்றார் என்னும் ஆறு பத்திகள் போதும். விடை கிடைக்காத இடத்தில் ஊகித்து எழுதாதீர்கள். 'விவரம் இல்லை' என்று எழுதுங்கள். அவ்வாறு எழுதப்பட்டவர்களையும் பட்டியலின் இறுதியில் ஒரு பிரிவாகக் காட்டுங்கள். கேட்கும்போது மரியாதையோடு கேளுங்கள். படிப்பை விட்டவரைக் குற்றவாளிபோல் வினவுதல் தகாது. பட்டியலைச் சுவரில் ஒட்டும்போது தொகைகளை மட்டும் ஒட்டுங்கள். பெயர்கள் குறிப்பேட்டிலேயே இருக்கட்டும்.

நூற்றுவீதம் எழுதும்போது பக்கத்தில் மொத்தத் தொகையையும் எழுதுங்கள். நால்வரில் இருவர் தேறினாலும் நூற்றுக்கு ஐம்பது. நானூற்றுவரில் இருநூற்றுவர் தேறினாலும் நூற்றுக்கு ஐம்பது. இரண்டும் ஒன்றல்ல. அவ்வாறே, தேர்வு எழுதியவர்களுள் தேறியவர் வீதத்தைக் கண்டு மட்டும் மகிழாதீர்கள். தேர்வு நாளுக்கு முன்பே பள்ளியை விட்டவர்கள் அவ்வீதத்தின் எந்த மூலையிலும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தோர் தொகையை அடியாகக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். வேறோர் உண்மை வெளிப்படும்.

ஆண்டுதோறும் ஒரே பிரிவுகளைக் கொண்டு, ஒரே மாதத்தில் இப்பட்டியலை அமைத்து வந்தால், ஐந்தாண்டுகளில் நம் கழகத்தின் உழைப்பு எங்கே பயன்தந்தது, எங்கே வீணாயிற்று என்பது எவர் சொல்லாமலும் விளங்கும். மாவட்ட ஆட்சியரிடத்தும் கல்வி அலுவலரிடத்தும் விடுதி வேண்டும், மிதிவண்டி வேண்டும், பேருந்து வேண்டும் என்று விண்ணப்பம் கொடுக்கச் செல்லும்போது, 'எங்கள் பிள்ளைகள் துன்புறுகின்றனர்' என்னும் வாக்கியத்தோடு இப்பட்டியலையும் இணைத்துக் கொடுங்கள். வாக்கியத்திற்கு இரக்கம் காட்டி அனுப்பிவிடலாம். பட்டியலுக்கு விடை எழுதியாக வேண்டும்.

மாணவச் செல்வங்களே! கணக்கு நமக்கு வராது என்று சொல்வோர் சொல்லை ஏற்காதீர்கள். இன்று நாம் செய்ததெல்லாம் கோடிடுதல், கூட்டுதல், வகுத்தல் என்னும் மூன்றே. இதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் உண்மையை உள்ளவாறு எழுதும் துணிவும் போதும். கழகத்தின் பொன்விழா மலரில் உங்களுள் ஒருவர் தொகுத்த இருபத்தைந்தாண்டுப் பட்டியல் முதற்பக்கத்தில் இடம்பெற வேண்டும். அதில் பத்தாம் வகுப்பின் வாயிலில் தேங்கிநின்ற முகடு கரைந்து, வலப்புறம் நகர்ந்திருக்க வேண்டும். அதற்கான முதற்கோட்டை இந்த வாரமே இட்டுவிடுங்கள்.